ஒட்டுப்பால் கட்டு

என் புருஷனுடைய வலது கையைப் பற்றித் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். ரப்பர் ஷீட் அடிக்கிற ஸ்டோரில் ரோலர் சுற்றுவது அவர் வேலை. மோட்டார் வைத்த ரோலர் வந்தாலும் அது பாதி நாள் பழுதாகித்தான் கிடக்கும். அப்போது கைப்பிடி வைத்த பழைய ரோலரைச் சுற்றுவது அவர்தான். மற்றவர்கள் இரண்டு கையாலும் மாரடிப்பதை அவர் ஒற்றைக் கையால் சுற்றுவார். கோயில் திருவிழாவுக்குப் பந்தல்கால் ஊன்ற, கல்யாண வீட்டில் சோற்று அண்டா இறக்க, முதலில் அவரைத்தான் தேடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கும் அந்தக் கையைப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? முழங்கைக்குக் கீழே திரண்டு, மணிக்கட்டுக்கு வரும்போது ஒடுங்கிப்போகிற கை. விரலை மடக்கினால் உள்ளே கயிறுகள் ஓடுவது தோலுக்கு மேலேயே தெரியும்.

அந்தக் கையால் பத்தொன்பது வருடம் அடி வாங்கினேன். வாங்கி வாங்கி, அடியில் எனக்குத் தெரியாத ரகம் இல்லை. விரித்த கையால் அறைந்தால் சத்தம் பெரிது, வலி அன்றைக்கே போய்விடும். புறங்கையால் விட்டால் உதடு கிழியும். முஷ்டியால் குத்தினால் சத்தமே வராது, ஆனால் விலாவில் விழுந்த குத்து ஒரு மாதத்துக்கு இருமவிடாது. எது வரப்போகிறது என்பதை அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முகம் ஏமாற்றும். நான் முன்கையைத்தான் பார்ப்பேன். குத்து என்றால் முழங்கைக்குக் கீழே உள்பக்கச் சதை முதலில் கல்லாகும். அறை என்றால் அது தளர்ந்தே இருக்கும், தோள் மட்டும் பின்னால் போகும். அதைக் கண்டதும் என் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். நான் ஏற்றுவதில்லை, அதுவாக ஏறும்.

பள்ளிக்கூடத்தில் இதற்குப் படம் போட்டுத்தான் பாடம் நடத்தினார்கள். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு எனக்கு எஸ், வெறும் பாஸ்தான் கிடைத்தது. ஆனாலும் அந்த ஒரு படம் மறக்கவில்லை. மேல்கையில் முன்னால் ஒரு தசை, பின்னால் ஒரு தசை. ஒன்று சுருங்கினால் மற்றது தளரும். இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கினால் கை எந்தப் பக்கமும் போகாது, அப்படியே விறைத்து நிற்கும். டீச்சர் எங்களைக் கையை மடக்கித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வகுப்பே சிரித்துக்கொண்டு கையை மடக்கியது. கல்யாணமான பிறகு அவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என் உடம்பில் அந்த இரண்டும் சேர்ந்தேதான் சுருங்கும்.

நான் பால் வெட்டுகிறவள். கரவனெல்லையில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் தோட்டத்துக்குத் திரும்புகிற பாதை வரும். இரண்டு பக்கமும் ரப்பர்தான். காலையில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறினால் ஆளுக்கு இருநூற்றுச் சொச்சம் மரம். பட்டையை மட்டும் சரிவாகச் சீவ வேண்டும், உள்ளே இருக்கிற மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் புண் விழுந்து அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். கத்தியின் நுனி நகம்போல மடிந்திருக்கும். அதைப் பட்டையில் வைத்து நம் பக்கமாக இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நடப்போம். இருபத்தைந்து வருடமாக இழுக்கிறேன். எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்காமலே என் கைக்குத் தெரியும்.

முந்தின வெட்டில் வழிந்து காய்ந்த பால், வெட்டுவாயில் நாடாவாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரித்து இடுப்புப் பையில் போட்ட பிறகுதான் புது வெட்டு. அதற்குத்தான் ஒட்டுப்பால் என்று பெயர். இழுத்தால் மூன்று மடங்கு நீளும், விட்டால் சுருங்கும். எங்களில் யாருக்காவது விரலில் கத்தி பட்டால் டிஸ்பென்சரிக்கு ஓடுவதில்லை. ஒரு ஒட்டுப்பால் நாடாவை இழுத்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முடிச்சே வேண்டாம், ரத்தம் உடனே நிற்கும். விரலுக்கு அது சரிதான், ஏனென்றால் விரலில் சதையே கிடையாது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எலும்பும் தோலும் அதை இழுக்கிற கயிறும்தானாம். இழுக்கிற சதை முழுக்க முன்கையில் இருக்கிறது. இது எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்த காலை. ஸ்டோரில் மோட்டார் பழுதாகி, கை ரோலரில் வேலை தொடங்க நேரம் இருந்ததால் அவர் தேத்தண்ணி குடிக்க லயத்துக்கு வந்திருக்கிறார். லயத்து வரிசையில் எங்களுக்கு இருக்கிற ஒற்றை அறை, எங்கள் காம்பரா, பூட்டிக் கிடந்தது. சாவியை எப்போதும் ஜன்னலுக்குள் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு மறந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவுதான் விஷயம். இதற்காக அவர் அரை மைல் மலை ஏறி வந்தார்.

"சாவி எங்கடி?"

"இடுப்புலதாங்க இருக்கு. மறந்து..."

சாவிக்கு மேலே இடுப்பைச் சுற்றிக் கட்டின சாக்கு, சாக்குக்கு மேலே ஒட்டுப்பால் பை, எல்லாவற்றையும் தள்ளித்தான் சாவியை எடுக்க வேண்டும். அவ்வளவு நேரம் அவருக்குப் பொறுக்கவில்லை. இடது கையால் கொண்டையைப் பிடித்தார். முதல் அறை காதில் விழுந்தது. உள்ளே ஒரு விசில் சத்தம் கேட்டது, அது இன்றைக்கும் அவ்வப்போது கேட்கிறது. இரண்டாவது அறையில் தலை மரத்தில் மோதியது. கம்பியில் மாட்டியிருந்த சிரட்டை கவிழ்ந்து, புதுப்பால் என் கழுத்துக்குள் ஊற்றியது. கீழ்வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த அடுத்த காம்பரா அக்காவுக்குச் சத்தம் கேட்டிருக்கும். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. புருஷன் பெண்சாதி விஷயத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மூன்றாவதற்கு முன்கைச் சதை கல்லானது. குத்து வரப்போகிறது. நான் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கினேன். அந்தக் கையில் கத்தி இருந்தது. அவர் கை வந்த வேகத்தில் கத்தி அதில் ஏறிவிட்டது. இப்படித்தான் நான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன், அதில் பொய்யும் இல்லை. ஆனால் கத்தி ஏறிய பிறகு நான் ஒரு இழுப்பு இழுத்தேன். மரத்தில் இழுக்கிற மாதிரியே, என் பக்கமாக. நுனி உள்மரத்தைத் தொடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வெட்டுகிற கை, அன்றைக்கு ஆழத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அவர் கொண்டையை விட்டார். கையைத் திருப்பி, யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார். முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே உள்பக்கம் பிளந்திருந்தது. ரத்தம் விட்டு விட்டுக் குதித்து வந்தது. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். செத்துவிடுவாரோ என்று பயந்தேன். பையைக் கவிழ்த்து ஒட்டுப்பால் நாடாக்களை எடுத்து, ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துச் சுற்றினேன். நாலு சுற்றில் நிற்கவில்லை. பத்துப் பதினைந்து நாடா சுற்றியிருப்பேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு மேலே வரை கட்டிய பிறகுதான் ரத்தம் நின்றது.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஒருத்தன்கிட்டயும் சொல்லாத. பொம்பள வெட்டிப்புட்டானு சிரிப்பானுங்க. கத்தி மேல விழுந்துட்டேன், அவ்வளவுதான்."

"தைக்கணுங்க."

"சொல்றேன்ல."

சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு மிச்சம் நாற்பது மரம் இருந்தது. வெட்டினேன்.

மத்தியானம் நான் வந்தபோது கட்டிலில் படுத்திருந்தார். கட்டுக்கு மேலும் கீழும் வீங்கியிருந்தது. இரண்டு மணி போல முனக ஆரம்பித்தார். மூன்று மணிக்கு முனகல் அலறலாக மாறியது. விரல்கள் உள்பக்கம் வளைந்து, வெளுத்து, தொட்டால் ஷீட் ரப்பர் போலச் சில்லென்று இருந்தன. நிமிர்த்திப் பார்ப்போம் என்று நடுவிரலைக் கொஞ்சம் தூக்கினேன். அவர் போட்ட சத்தத்தில் லயத்து நாய்களெல்லாம் எழுந்து நின்றன. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த காம்பரா அக்கா கேட்டாள்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு அவரு கத்துறாரு?"

"கைய வெட்டிக்கிட்டாருக்கா."

அவுத்து விடுடி என்றார் முதலில். பிறகு அவுத்து விடு என்றார். நாலு மணிக்கு, அவுத்து விடு தாயி என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

"அவுத்தா ரத்தம் கொட்டுங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

இதை நான் நம்பித்தான் சொன்னேனா? பாதி நம்பினேன். விரலில் கட்டினால் மூன்று நாள் விட்டுவைப்போம், கையில் கட்டினால் என்ன என்றும் நினைத்தேன். ஆனால் மீதிப் பாதியையும் எழுதத்தான் வேண்டும். அவர் கத்துவதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கை துடிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அடுப்பில் சோறு வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, அது கொதித்து முடியும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரம் வலி குறைந்தது. மரத்துப் போச்சு, இப்ப தேவல என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுநாள் காலையில் விரல்கள் கறுத்திருந்தன. அதற்கு மேல் அவரே வெட்கம் பார்க்கவில்லை, திரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கட்டைக் கழற்ற நர்ஸுக்குக் கத்தரிக்கோல் போதவில்லை. ஒட்டுப்பால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே குழாயாகிவிட்டிருந்தது. பிளேடு வைத்து நீளமாகக் கீறினார். கீறியதும் ரப்பர் டப்பென்று விலகிச் சுருண்டது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் சின்னவர். விரலைத் தூக்கிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். புருஷன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார், குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை.

"இதை ஆர் கட்டினது?"

"நாந்தான் கட்டிக்கிட்டேன் சார்" என்றார் புருஷன்.

"நொந்திருக்குமே, உயிர் போற மாதிரி. அப்ப ஏன் அவிழ்க்கேல்லை?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தியைப் பற்றியும் கட்டைப் பற்றியும் அவர் இப்போது சொல்லிவிடுவார், பிறகு பொலிஸ் வரும், மகன் கொழும்பில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான் என்றெல்லாம் ஓடியது.

"இவ அவுக்கிறேன்னுதான் சொன்னா. நாந்தான் வேணான்னேன்."

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதும் எனக்கு அவர்மேல் வந்தது கோபம்தான். பத்தொன்பது வருடம் அடித்தவர் ஒரு பொய்யால் என்னைக் கடன்காரியாக்கிவிட்டதுபோல இருந்தது.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். முன்கையில் இருக்கிற சதைகள் தோலுக்குள் சும்மா கிடப்பதில்லை. கெட்டியான உறைகளுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அந்த உறை விரியாது. காயம்பட்ட சதை வீங்கும், வீங்க இடம் இருக்காது, அப்போது அது தன்னைத்தானே நெரிக்கும். இதில் வெளியே இருந்து ரப்பர் வேறு. துணிக்கட்டு நேரமாக ஆகத் தளரும், ரப்பர் தளராது, இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

"அஞ்சாறு மணித்தியாலம் ரத்தம் போகாட்டில் சதை செத்துப்போம், அம்மா. தோல் தாங்கும், எலும்பு தாங்கும். சதை தாங்காது."

மனதுக்குள் எண்ணினேன். கட்டினது காலை எட்டு மணி. நாலு மணிக்கு எட்டு மணித்தியாலம். ரெண்டு மணிக்கு, அவர் முனகத் தொடங்கிய நேரத்தில், ஆறு.

முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை நீளமாகக் கிழித்து, பல நாள் தைக்காமல் திறந்தே வைத்திருந்தார்கள். மருந்து மாற்றும்போது நான் பக்கத்தில் நிற்பேன். உயிருள்ள சதை சிவப்பாக இருக்கும், இடுக்கியால் கிள்ளினால் துள்ளும். செத்தது சாம்பல் நிறம். கிள்ளினால் கிள்ளின இடத்திலேயே கிடக்கும், குழம்பிலிருந்து எடுத்த இறைச்சி மாதிரி. மூன்று தடவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்ச் செத்ததை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். ரோலர் சுற்றின கை பாதியாகிவிட்டது. மிஞ்சினதை மூட, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகு கைக்குப் பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுத்தது கிளினிக்கில் வேலை பார்த்த ஒரு சிங்களப் பிள்ளை. என்னை அக்கே என்று கூப்பிடும், நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம். சதைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், இழுப்பது என்றாள். அதற்குத் தள்ளத் தெரியாது. கையை மூட உள்பக்கச் சதை இழுக்கும், திறக்க வெளிப்பக்கச் சதை இழுக்கும். இவருக்கு உள்பக்கம் செத்து, தழும்பாகிக் கயிறு போலச் சுருங்குகிறது. அதனால் விரல்கள் எந்நேரமும் மூடியே நிற்கின்றன. வெளிப்பக்கத்துக்கு அதை எதிர்த்து இழுக்கப் பலமில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று செய்து காட்டினாள். மணிக்கட்டை உள்பக்கமாக மடித்தால் அந்தக் கயிறு தளரும், விரல்கள் தானாகத் திறக்கும். திறந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெல்ல மெல்ல நிமிர்த்த வேண்டும். அப்போது கயிறு நீளும். தினமும் சாயங்காலம் இருபது தடவை. ஒரு நாள் விட்டால் ஒரு நாளுக்குச் சுருங்கும், பல நாள் விட்டால் எலும்பே வளைந்த இடத்தில் நின்றுவிடும். விடாமல் ஒன்றரை வருடம் செய்தால் கை வேலைக்கு ஆகும் என்றாள்.

அவள் நிமிர்த்தும்போது வலி தாங்காமல் அவர் இடது கையை ஓங்கினார். அவளை நோக்கித்தான் ஓங்கினார். ஆனால் என் தோள்கள் காதுவரை ஏறின. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அவரை உட்காரவைத்துவிட்டு என் பின்னால் வந்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள். ரிதெனவத என்று கேட்டாள். வலிக்கிறதா என்று என் உடம்பைப் பற்றி அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. இந்தச் சதை எத்தனை வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் தன் கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் காம்பராவில் அலறல். முன்பு என் சத்தம் கேட்ட சுவரில் இப்போது அவர் சத்தம். தேங்காய் எண்ணெய் தடவி, என் முழங்காலில் ஒரு தலையணை வைத்து, அதன்மேல் அந்தக் கையை வைப்பேன். மணிக்கட்டை மடிப்பேன், விரல் திறக்கும். பிறகு நிமிர்த்துவேன். பால் வெட்டுகிற என் கைக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அவர் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வார், கெட்ட வார்த்தையில் ஏசுவார், அம்மா அம்மா என்பார். முதல் மாதம் நான் ரசித்தேன். வைத்தியம் என்ற பெயரில் தினமும் இருபது அடி. யாரும் கேட்க முடியாது. நிமிர்த்துகிறபோது சில நாள் தேவைக்கு மேலேயும் நிமிர்த்தியிருக்கிறேன்.

ரசிப்பது எத்தனை நாளைக்கு? அது சலித்துப்போனது. அப்புறம் செய்ததெல்லாம் வேலையாகச் செய்ததுதான். ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் சுண்டுவிரல் தானாக அசைந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்காக அழுதேன் என்று சொல்லமாட்டேன். பால் வற்றின மரம் திரும்பக் கசிந்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று. வருடம் திரும்புவதற்குள் தேத்தண்ணிக் கோப்பையை அந்தக் கையாலேயே பிடித்தார். லயமே வந்து பார்த்தது. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும் என்று அடுத்த காம்பரா அக்கா நாலு பேர் முன்னால் சொன்னாள்.

அந்த ஒரு வருடமும் அவர் என்னை அடிக்கவில்லை. இடது கையை ஓங்குவதோடு சரி. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டும், மீனில் முள் நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பேச்சுகூடத் தணிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த விரல்களைத் திறக்கும்போது ஒரே கேள்விதான் எனக்குள் ஓடும். இந்தக் கையைத் திரும்பக் கொண்டுவந்தால் அடியும் கூடவே திரும்பி வருமா? செத்த சதையோடு சேர்த்து அதையும் வெட்டி எடுத்திருப்பார்கள் என்று நம்பினேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன், முட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மகன் போனில் பேசினான். கடையில் கூட்டம் என்று அவசரமாக வைத்துவிட்டான். அவர் தலையணையில் கையை வைத்துப் பயிற்சிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் குடுக்காம ஏன்டி வச்ச?"

"அவன்தாங்க வச்சான். கடையில ஆளுங்க..."

முன்கையைப் பார்த்தேன். தழும்புக்கு மேலே, முழங்கைக்குக் கீழே, மிஞ்சியிருந்த கொஞ்சம் சதை கல்லானது. எனக்கு விஷயம் புரிவதற்கு முன்பே தோள்கள் ஏறிவிட்டன. வலது கை வந்து என் தலைமயிருக்குள் புகுந்து மூடியது. நான் ஒரு வருடமாக எண்ணெய் தடவித் திறந்து திறந்து வளர்த்த விரல்கள். தலையைக் கீழே இழுத்து முழங்காலில் அழுத்திக்கொண்டு இடது கையால் அடித்தார். முதுகில் ஒன்று, கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று. பழைய விசில் திரும்பக் கேட்டது.

பிறகு ஓய்ந்தார். விட்டுவிடப் பார்த்தார், விட முடியவில்லை. அந்தக் கைக்கு மூடத்தான் பலம் வந்திருந்தது, திறக்கிற பலம் இன்னும் வரவில்லை. விரல்கள் மயிருக்குள் பூட்டிக்கொண்டன. அவர் கையை உதறினார். மணிக்கட்டு நிமிர்ந்தது, நிமிர நிமிர விரல் இறுகியது. எனக்கு மயிரோடு தோல் கிளம்பியது. அவருக்கும் கயிறு இழுத்து வலி. என்னையும் இழுத்துக்கொண்டு எழுந்தார், தடுமாறி இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

"எடு. கைய எடுடி."

என் முகம் அவர் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. முந்தின நாள் நான் தடவின எண்ணெய் வாடை அடித்தது. அவர் கத்தத் தொடங்கினார். எடுடி என்றது எடு என்றானது, பிறகு எடு தாயி என்றானது. நான் எதுவும் செய்யாமல் அப்படியே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு கையைத் தூக்கி, தினமும் செய்கிற மாதிரியே, அவர் மணிக்கட்டை உள்பக்கமாக மடித்தேன். விரல்கள் திறந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மயிரைச் சுழற்றி எடுத்தேன்.

முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார். தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் அந்தக் கையை வைத்து, எனக்காகக் காத்திருந்தார். ஒன்றுமே நடக்காததுபோல, பயிற்சிக்கு.

"இன்னைக்கு வேணாங்க. சதை களைச்சுப்போயிருக்கும்."

சரி என்று கையை எடுத்துக்கொண்டார். நான் அடுப்பில் சோறு வைத்தேன். மறுநாள் விரல் வீங்கியிருக்கிறது, நோகவிடக் கூடாது என்றேன். அதற்கு மறுநாள் கிளினிக்கில் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னதாகச் சொன்னேன். வலியிலிருந்து தப்பினோம் என்று அவருக்கும் நிம்மதிதான். கேள்வி கேட்கவில்லை. அந்தக் கையைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்று அவர் என்னை நம்பினார்.

ஒரு மாதத்தில் கோப்பை நழுவியது. மூன்றாவது மாதம் விரல்கள் உள்ளங்கைக்குள் போய்விட்டன. இப்போது மணிக்கட்டை மடித்தாலும் அரை அங்குலத்துக்கு மேல் திறப்பதில்லை. நகம் உள்ளங்கையைக் குத்தாமலிருக்க வாரம் ஒருமுறை அந்தச் சந்துக்குள் கத்தரிக்கோலை விட்டு நான்தான் வெட்டிவிடுகிறேன். ஸ்டோரில் அவரை வாசலில் உட்காரவைத்து வாளி எண்ணும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இடது கை இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒரு நாள் அது ஓங்கியது. நான் நகர்ந்து போகவில்லை. அவருடைய மூடின வலது கையைப் பிடித்து, மணிக்கட்டைக் கொஞ்சம் நிமிர்த்தினேன், கொஞ்சம்தான். அதற்குப் பிறகு இடது கை ஓங்கவில்லை.

போன மாதம் அந்தச் சிங்களப் பிள்ளை போன் போட்டாள். கிளினிக்குக்கு ஏன் வருவதில்லை, தினமும் செய்கிறீர்களா அக்கே என்று கேட்டாள். பாவம், நல்ல பிள்ளை. செய்கிறேன், ஒரு நாளும் விடவில்லை என்றேன். ஒட்டுப்பால் கட்டின அன்றைக்கு எனக்குச் சதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயிற்சியை நிறுத்தின அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.